இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் கரகரக்கிறது

தம்பி, கந்தளாய் வீதியில் ஓவர்டேக் பண்ணக் கியரை வேகமாகத் தள்ளினால் மட்டும் கரகரக்கிறது, மெதுவாகப் போட்டால் சத்தமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கிளச் பிளேட்டை மாற்றக் காசு கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இதைப் பாருங்கள். வாகனத்தை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளச்சை அடிவரை மிதித்து நாலைந்து செக்கன் விட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை, கேபிளோ ஹைட்ரோலிக்கோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் மூன்றாம் கியரின் சிங்க்ரோ வளையத்தில்தான், ஏனென்றால் அந்தப் பித்தளை வளையம் உரசி உரசித்தான் கியரின் வேகத்தையும் அது பூட்டும் தண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும், தேய்ந்த வளையத்துக்கு அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும், நீங்கள் அந்த நேரத்தைக் கொடுக்காமல் அடித்துத் தள்ளுகிறீர்கள்.

கியர்பொக்ஸ் ஒயிலையும் பாருங்கள். ஜிஎல்-4 தர ஒயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தரத்தை ஊற்றினால் அந்தப் பித்தளை வளையத்துக்குக் கூடாது.

அப்புறம் கை. லீவரை இறுக்கிப் பிடித்துப் பக்கமாக இழுக்காதீர்கள். உள்ளங்கையால் நேரே முன்னுக்குத் தள்ளினால் நியூட்ரலில் ஸ்பிரிங் தானே நடுவுக்குக் கொண்டுவரும், அங்கே ஒரு கணம் விட்டுவிட்டு மூன்றுக்குத் தள்ளுங்கள். கிளச் இல்லாமல் மாற்றச் சொன்ன நண்பரின் பேச்சைத் தயவுசெய்து கேட்க வேண்டாம், உள்ள வளையமும் போய்விடும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் வாகனத்தைக் கிளச்சில் தாங்கி நிற்பதையும் விடுங்கள், அதற்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது.