ஆன்லைன் கோர்ஸ் மூன்றாவது வாரத்தில் ஏன் நிற்கிறது?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கிறேன். இரவு படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பேன். எந்தக் கோர்ஸும் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. பணம் கொடுத்தால் அசைன்மென்ட்டை முடித்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் முதலில் கேட்பது உங்கள் பாஸ்வேர்டை. ஒரே விடையைப் பத்துப் பேர் பெயரில் போடுவார்கள். காப்பி என்று தெரிந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. தெரியாமல் போனாலும், நேர்காணலில் ஒரு தரவு அட்டவணையைக் காட்டிக் கேள்வி கேட்டால் அவர் வந்து பதில் சொல்லமாட்டார்.

மனவுறுதி இல்லை என்று உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தும், யாரும் சேரக்கூடிய திறந்தநிலை ஆன்லைன் கோர்ஸ்களைப் பற்றி 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

சிக்கல் அந்தப் படுக்கை நேர வீடியோவில் இருக்கிறது. களைத்த தலையோடு பார்ப்பீர்கள், பச்சை டிக் விழும், படித்துவிட்டதாகத் தோன்றும். வீடியோ ஓடியதையே படிப்பாகக் கணக்கெடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூன்றாவது வாரத்தில் முதல் பெரிய அசைன்மென்ட் வரும்போது கை ஓடாது. அங்கேதான் நிற்கிறீர்கள்.

காலையில் குளித்து முடித்ததும் 25 நிமிடம் உட்காருங்கள். ஆறேழு நிமிட வீடியோ ஒன்று போதும். அதை மூடிவிட்டு, நினைவில் நிற்பதைத் தாளில் எழுதுங்கள். அப்புறம் வீடியோவில் போட்டுக் காட்டிய கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் முதல் பாடத்துக்குத் திரும்பாதீர்கள். கடைசி க்விஸை மறுபடி எழுதிவிட்டு அங்கிருந்தே தொடருங்கள். திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரப் பாடம் மட்டும் மனப்பாடமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு. பிவட் டேபிள் (எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) மட்டும் கற்றுக்கொள்ளத்தான் சேர்ந்தேன் என்றால், அதைக் கற்றதும் நிறுத்திவிடலாம். மீதிப் பாடங்கள் கிடப்பதைப் பார்த்துக் குற்ற உணர்வு வேண்டாம், “இன்னும் 60 சதவீதம் பாக்கி” என்று வரும் மெயிலுக்கும் மசிய வேண்டாம். அது தோல்வியே இல்லை, வந்த வேலை முடிந்தது. ஆனால் சேரும்போதே அப்படி நினைத்திருக்க வேண்டும். அசைன்மென்ட்டைக் கண்டு பயந்தபின் சொன்னால் அது சாக்கு.

சரி, அந்த ஆளிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? உடனே மாற்றுங்கள். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் அதையும் மாற்றுங்கள்.