குளோஜர் வலைநிரலில் மேக்ரோ எங்கே, தரவு எங்கே? – கேள்வி பதில்

குளோஜர் மொழியின் காம்போஜர் நூலகத்தில் ரவுட் (எந்த முகவரிக்கு எந்த நிரல் ஓட வேண்டும் என்ற குறிப்பு) எழுதுவது சுகமாகத்தானே இருக்கிறது? ஏன் ரெய்டிட் என்ற இன்னொரு நூலகத்துக்கு மாறச் சொல்கிறார்கள்?

எழுதும்போது சுகம்தான். மேக்ரோ என்றால் கம்பைல் நேரத்தில் வேறு நிரலாக விரியும் நிரல். 'கெட்' மேக்ரோவில் பாதையைப் போட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஐடி என்று எழுதினால் மதிப்பு கைக்கு வந்துவிடும். சிக்கல் அப்புறம்தான். மேக்ரோ விரிந்து முடிந்ததும் மிஞ்சுவது ஒரு ஃபங்ஷன். அதைக் கூப்பிடலாம், உன்னிடம் என்னென்ன பாதைகள் இருக்கின்றன என்று கேட்க முடியாது. ரெய்டிட்டில் ரவுட் வெறும் வெக்டரும் (வரிசைப் பட்டியல்) மேப்பும் (பெயர்-மதிப்பு ஜோடிகள்), அதாவது சாதாரணத் தரவு. அதனால் ரவுட்டின் பெயரைக் கொடுத்து முகவரியைப் பெறலாம், அதே தரவிலிருந்து ஏபிஐ ஆவணமும் எடுக்கலாம். இரண்டு பாதைகள் மோதினால் ரவுட்டரை உருவாக்கும்போதே பிழை வரும். காம்போஜரில் மேலே இருப்பது கோரிக்கையை எடுத்துக்கொள்ளும். கீழே இருப்பது ஏன் ஓடவில்லை என்று நீங்கள் ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள். சின்ன ஆப் என்றால் மெனக்கெட்டு மாற்ற வேண்டாம்.

எல்லா டேபிளுக்கும் ஒரே மாதிரி ரவுட் வேண்டும் என்று மேக்ரோ எழுதினேன் சார். அதை, பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் 'மேப்' ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், மேக்ரோவின் மதிப்பை எடுக்க முடியாது என்று பிழை வருகிறது.

மேக்ரோவின் வேலை கம்பைல் நேரத்தோடு முடிந்தது. 'மேப்' கேட்பது ஓடும் நேரத்தில் கையில் பிடிக்கக்கூடிய ஒரு மதிப்பை. இதைச் சுற்றி இன்னொரு மேக்ரோ எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். டேபிள் பெயரை வாங்கி ரவுட் வெக்டரைத் திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷன் போதும். ரெய்டிட்டுக்கு அதை நேராகக் கொடுத்துவிடலாம்.

எச்டிஎம்எல் உருவாக்கும் ஹிக்கப் நூலகமே மேக்ரோதானே? அதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள்?

நல்ல கேள்வி. ஹிக்கப்பில் பக்கம் என்பது வெக்டர். 'எச்டிஎம்எல்' மேக்ரோ அதை வேகப்படுத்துகிறது, மாறாத பகுதிகளை முன்கூட்டியே சரமாக்கிவிடுகிறது. நீங்கள் எழுதும் துண்டுகள் தரவாகவே இருப்பதால் ஃபங்ஷனில் உருவாக்கலாம், சோதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஹிக்கப் 1 சரங்களைத் தானாக எஸ்கேப் செய்யாது ('<' போன்ற குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றாது), பயனர் உள்ளிட்டதை அப்படியே காட்டினால் ஸ்கிரிப்ட் ஊடுருவலுக்குக் கதவு திறந்தது மாதிரி. 2-இல் 'hiccup2.core'-ஐப் பயன்படுத்தினால் எஸ்கேப் இயல்பாகவே உண்டு.

லிஸ்ப் மொழியில் எழுதிய இணையக் கடை மென்பொருளான வயாவெப் முழுக்க மேக்ரோவால் ஜெயித்தது என்கிறார்களே?

'முழுக்க' இல்லை. 1995-இல் தொடங்கி 1998-இல் யாஹூவுக்கு விற்கப்பட்ட நிறுவனம் அது. அதன் எடிட்டர் நிரலில் ஏறக்குறைய 20-25 சதவீதம் மேக்ரோ என்று அதை நிறுவியவர்களில் ஒருவரான பால் கிரஹாமே எழுதியிருக்கிறார். எச்டிஎம்எல் உருவாக்கவும் மேக்ரோதான் பயன்பட்டது. அன்று குளோஜரின் ரிங் நூலகம் மாதிரி, கோரிக்கையை மேப்பாகவும் ஹேண்ட்லரை (கோரிக்கைக்குப் பதில் தரும் நிரலை) ஃபங்ஷனாகவும் பார்க்கும் பொது ஒப்பந்தம் கிடையாது. அந்தக் கணக்கை இன்று நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் மேக்ரோவே எழுதக் கூடாதா?

ஒரு கோவை (எக்ஸ்பிரஷன்) இப்போது கணக்கிடப்பட வேண்டுமா, அப்புறமா, வேண்டவே வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும் என்றால் எழுதுங்கள். லாகிங் அப்படித்தான்: டீபக் அளவு அணைந்திருந்தால் உள்ளே இருக்கும் கனமான கணக்கு நடக்கவே கூடாது. தரவுத்தள டிரான்ஸாக்ஷனுக்கு நெக்ஸ்ட் ஜேடிபிசி நூலகத்தைப் பாருங்கள். 'டிரான்ஸாக்ட்' என்ற ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்கிறது. 'வித் டிரான்ஸாக்ஷன்' அதன் மேல் போர்த்திய மெல்லிய மேக்ரோ. நீங்கள் எழுதினாலும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள், மேக்ரோ பிடிக்காதவர் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

மேக்ரோவைத் திருத்தினேன், ரெப்பிளில் (நிரலை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் இடம்) பழையபடியே ஓடுகிறது.

அதைப் பயன்படுத்திய இடங்களில் பழைய விரிவு ஏற்கெனவே பதிந்துவிட்டது. அந்தக் கோப்புகளையும் மறுபடி ஏற்றுங்கள். ஃபங்ஷனாக இருந்தால் பெரும்பாலும் புதியதையே எடுத்திருக்கும்.