பழைய அரசியலமைப்புப் புத்தகத்தில் எதையெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும்?

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 2014-ல் அச்சான இந்திய அரசியலமைப்புப் புத்தகம் மலிவாகக் கிடைத்தது. குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். அதன் பிறகு வந்த திருத்தங்களை எழுதி ஒட்டிக்கொண்டால் போதுமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஒட்டுங்கள். ஆனால் அதோடு வேலை முடியாது.

உங்கள் புத்தகம் 98-வது திருத்தத்தோடு நின்றிருக்கும். 2023 முடிய அதற்குமேல் எட்டுத் திருத்தங்கள் வந்துள்ளன: 99 (நீதிபதிகள் நியமன ஆணையம்), 100 (வங்கதேசத்துடன் நிலப் பரிமாற்றம்), 101 (ஜிஎஸ்டி), 102 (பிற்படுத்தப்பட்டோர் ஆணையம்), 103 (பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10% ஒதுக்கீடு), 104 (பட்டியல் சாதி, பழங்குடியினர் தொகுதி ஒதுக்கீடு நீட்டிப்பு), 105, 106 (மகளிர் ஒதுக்கீடு). பழைய செய்திகளில் ஜிஎஸ்டியை '122-வது திருத்தம்' என்று பார்த்துக் குழம்பாதீர்கள். அது மசோதாவின் எண். நிறைவேறாமல் போகும் மசோதாக்களும் எண் வாங்கிக்கொள்வதால் இரண்டு வரிசையும் ஒத்துப்போகாது. விடைத்தாளில் எழுத வேண்டியது சட்டத்தின் எண்.

102-ஐயும் 105-ஐயும் சேர்த்தே ஒட்டுங்கள். 102-ன்படி பிற்படுத்தப்பட்டோரை அடையாளம் காணும் அதிகாரம் மாநிலங்களிடம் இல்லை என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் 105 அந்த அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. ஒன்றை மட்டும் படித்தவர் நேர்மாறான விடையைத்தான் எழுதுவார். 104 அந்தத் தொகுதி ஒதுக்கீட்டை நீட்டித்தது, ஆங்கிலோ இந்தியர் நியமனத்தை நீட்டிக்கவில்லை. இதற்கு உள்ளூர் உதாரணமே உண்டு. நம் சட்டப்பேரவையில் ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினருக்கான இடம் 25.1.2020-உடன் முடிந்தது. 235 ஆக இருந்த எண்ணிக்கை 234 ஆனது.

திருத்த எண்ணே இல்லாத மாற்றங்களும் உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 14.1.1969 அன்று மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனதும், 1986-ல் நம் மேலவை ஒழிந்ததும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் இயற்றிய சட்டங்களால்தான். இவை, அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-வது பிரிவின்படியான திருத்தமாகக் கருதப்படா என்று 4, 169-வது பிரிவுகளே சொல்லிவிடுகின்றன. ஆகவே தெலங்கானா, லடாக் போன்ற மாற்றங்களை, மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் பட்டியலிடும் முதல் அட்டவணையில் தனியாகச் சரிபாருங்கள். ஒரிசா 2011-ல் ஒடிசா ஆனதற்குச் சாதாரணச் சட்டம் போதுமானதாக இருந்தது. எட்டாவது அட்டவணையில் மொழியின் பெயரை மாற்ற மட்டும் 96-வது திருத்தம் தேவைப்பட்டது.

அச்சில் இருந்தும் உயிரில்லாத பகுதிகள் இன்னொரு வகை. 99-வது திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 16.10.2015 அன்று ரத்து செய்தது. ஆனாலும் 124ஏ முதல் 124சி வரை புதிய பதிப்புகளில் நிற்கின்றன. நீதிமன்றம் செல்லாது என்று சொன்னாலும், வாசகத்தை நீக்க நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97-வது திருத்தம் சறுக்கியது அதை நிறைவேற்றிய முறையில். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்பது திருத்தம் நிறைவேறப் பொது விதி. மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும்போது குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒப்புதலை வாங்கவில்லை. விளைவு, 2021 ஜூலைத் தீர்ப்புக்குப் பின் பகுதி 9பி பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு விசித்திரம்: 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவு இன்னும் அமலுக்கு வரவில்லை, அறிவிக்கை வெளியாகாததால். எனவே தடுப்புக் காவலில் ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் வைத்திருக்கக்கூடிய காலம் 22-வது பிரிவில் மூன்று மாதமாகவே தொடர்கிறது, இரண்டாகக் குறையவில்லை. இதையெல்லாம் அடிக்குறிப்பு சொல்லிவிடும். அரசுப் பதிப்பில் சதுர அடைப்புக்குறி தெரிந்தால் சொல் மாறியிருக்கிறது அல்லது சேர்ந்திருக்கிறது. நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் நீங்கியிருக்கிறது. எந்தத் திருத்தம், எந்த நாள் முதல் என்பது கீழே இருக்கும். நீங்கள் ஒட்டும் தாளிலும் அமலான தேதியைக் குறியுங்கள். நிறைவேறிய தேதி மட்டும் போதாது.

ஓர் எழுத்துகூட மாறாமல் பொருள் மாறிய பிரிவுகளுக்கு ஓரத்தில் பென்சில் குறிப்பு போதும். உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-வது பிரிவுக்குள் அந்தரங்க உரிமை அடங்கும் என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அடிப்படை உரிமைகளைக் காட்டிச் செல்லாது என்று ஆகாமல் சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் 257ஏ எனத் தமிழ்நாட்டின் 69% ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது; 1994-ல் 76-வது திருத்தம் சேர்த்தது. ஆனால் 24.4.1973-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பின்படி (திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படை அம்சங்கள்) நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007-ல் கொயலோ வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன் அருகே இதையும் எழுதிவையுங்கள்.

ஒப்பிட, மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள இலவசப் பிடிஎஃப் போதும். புதுப் புத்தகமே வாங்குவதானால் பாரிமுனையில் சட்டப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. அட்டையில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள், பழைய பதிப்பின் மறு அச்சாக இருக்கலாம். எந்தத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.