சும்மா இருந்தார்களாம்!

கேள்வி: 1955-இல் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் சும்மா இருந்தே ஜெயித்தார்களாமே, அகிம்சைக்கு அவ்வளவு சக்தியா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: சும்மாவா? 381 நாள்!

டிசம்பர் 1, வியாழன் மாலை, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை, தான் வேலை பார்த்த கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மிஷினைப் பிடித்துக்கொண்டார். ‘திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்ற ஒரே வாசகத்தை ஒரு தாளில் மூன்று முறை டைப் அடித்து, ஓட்டி, மூன்றாக வெட்டினால் காகிதச் செலவு மூன்றில் ஒரு பங்கு. விடிவதற்குள் பல்லாயிரம் நோட்டீஸ். காகித விலை தெரிந்த எவனும் அந்தக் கத்தரிக்குத்தான் முதல் மாலை போடுவான்.

திங்கட்கிழமை போலீஸும் ஒத்தாசை செய்தது. ஏற வருகிறவர்களை ரவுடிகள் மிரட்டாமல் பார்த்துக்கொள்ள, பஸ்களுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற ஓரிருவரும் காக்கிச் சட்டையைக் கண்டதும் நடையைக் கட்டினார்கள். சர்க்கார் செலவில் மறியல்!

கறுப்பினத்தவரின் டாக்ஸிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றின. நகராட்சி பழைய சட்டத்தைத் தூசி தட்டி, குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே தீரவேண்டும் என்றது. உடனே சொந்தக் கார்கள் இறங்கின, சுமார் 300. 1953-இல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் இதே வேலையைச் செய்திருந்த பாதிரியார் ஜெமிசனிடம் போனில் யோசனை கேட்டார்கள். எந்த முனையில் ஏற்றி எங்கே இறக்குவது என்பதை, ஊரின் சந்துபொந்தெல்லாம் அறிந்த தபால் ஊழியர்களை வைத்துக் குறித்தார்கள். சர்ச்சுகளின் பெயரில் வேன்கள் வாங்கினால் இன்ஷூரன்ஸ் ரத்து. கடைசியில் லாயிட்ஸ் என்ற லண்டன் இன்ஷூரன்ஸ் சந்தை வரை போய் பாலிசி எடுத்தார்கள்.

பெட்ரோல் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழி வறுவலும் விற்றுக் கூட்டம்தோறும் பணம் கட்டினார். வாங்கித் தின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு! யார் கொடுத்தது என்று கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே. அதனால் சங்கத்துக்கு வைத்த பெயர் ‘எங்கிருந்தோ வந்த கிளப்’. வருமான வரிக்காரர்கள் படித்து ரசிக்க வேண்டிய பெயர்.

‘எல்லாம் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சுதான்’ என்று மாதாமாதம் என்னிடம் மல்லுக்கு நிற்கும் அன்பர்களே, போராட்டத் தலைவரான அவருக்கு முதல் நாள் பேச்சைத் தயாரிக்கக் கிடைத்தது 20 நிமிஷம். மேடையில் பொருளாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று நான் கரடியாய்க் கத்துவது இதற்காகத்தான்.

1956 நவம்பர் 13. கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகராட்சி போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உள்ளூர் நீதிபதி அசரவில்லை. அன்றே கார்களுக்குத் தடை போட்டார். தீர்ப்பின் நகல் ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20-இல். அதுவரை, ஜெயித்த பிறகும், ஐந்து வாரம் நடந்தே போனார்கள்.