டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்தில் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வேகம்தான் பெரிய மாற்றமா?

இல்லை. ஊரில் டைப்ரைட்டிங் பரீட்சையில் ஹையர் பாஸ் பண்ணிய விரல் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு 45 வார்த்தைதான் அடிக்கும். ஒழிந்தது, அடித்ததையே திரும்ப அடிக்கிற வேலை. அது எவ்வளவு பெரிய பாரம் என்று அடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் 1983-ல் பம்பாய்க்கு வந்தேன். செம்பூரில் அக்கா வீடு. ஹார்பர் லைன் ரயிலில் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்), அங்கிருந்து நடந்தால் ஃபோர்ட்டில் ஆபீஸ். டெண்டர் கொட்டேஷன்தான் முக்கிய வேலை. ஐந்து பிரதி, நடுவே நான்கு கார்பன். ஒரு எழுத்து தப்பினால் ஐந்து தாளிலும் தனித்தனியாக ரப்பர் போட வேண்டும். ஒன்றை அழிக்கும்போது அடியில் இருக்கிற தாளில் கறை விழாமலிருக்க, ஒவ்வொரு கார்பனுக்குப் பின்னாலும் துண்டுக் காகிதம் செருக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் நடுவில் ஒரு பாரா சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ள பக்கம் எல்லாம் மறுபடி. எத்தனையோ நாள் எட்டு மணி லோக்கலில்தான் வீடு திரும்பியிருக்கிறேன்.

1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதி வரியைக் குறைத்தது. எங்கள் ஆபீஸுக்கு 1986-ல் ஒன்று வந்தது. ஐபிஎம் 1978-லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்ததால், இங்கேயே அசெம்பிள் செய்த, ஐபிஎம் பிசிக்கு ஒத்துப்போகிற மெஷின். ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு டிரைவில் வேர்ட்ஸ்டார் என்ற, கடிதம் அடிக்கிற சாஃப்ட்வேர் இருக்கும் ஃப்ளாப்பி வட்டு, இன்னொன்றில் நம் ஃபைல். ஒரு ஃப்ளாப்பியில் 360 கேபி. ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும்.

வேர்ட்ஸ்டார் டைப்பிஸ்டுகளுக்கென்றே செய்தது போல இருந்தது. அந்தக் கீபோர்டில் கன்ட்ரோல் கீ, ஏ எழுத்துக்கு இடப்பக்கம், சுண்டுவிரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதை அழுத்திக்கொண்டு ஈ அடித்தால் கர்சர் மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடம், டி வலம். நான்கும் இடது கைக்கு அடியிலேயே, திசை மாறாமல் அமைந்திருக்கும். விரல்களை வைத்திருக்கும் நடு வரிசையான ஹோம் ரோவை விட்டுக் கை நகரவே வேண்டாம். அதே கன்ட்ரோலோடு, ஒரு பாராவின் தொடக்கத்தில் கே-பி (KB), முடிவில் கே-கே, வேண்டிய இடத்தில் போய் கே-வி: முழுப் பாராவும் அங்கே போய் உட்கார்ந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் எங்கள் ஆபீஸில் முதலில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது ஆபீஸர்கள் இல்லை, டைப்பிஸ்டுகள். ஆபீஸர்களுக்குக் கீபோர்டில் எழுத்தைத் தேடவே நேரம் போய்விடும். மெயில்மெர்ஜ் வந்த பிறகு, ஒரே கடிதத்தைப் பெயர், விலாசம் மாற்றி 200 பேருக்கு அனுப்பும் வேலை முழுக்க எங்கள் கைக்கு வந்தது. அப்புறம் கணக்கு அட்டவணை போடும் லோட்டஸ் 1-2-3, விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிபேஸ் எல்லாம். 'டைப்பிஸ்ட்' என்று கூப்பிட்டவர்கள் சந்தேகம் கேட்க எங்கள் நாற்காலிக்கு வந்தார்கள். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

கஷ்டப்பட்டவர் எங்கள் சீனியர் ஒருவர்தான். பாலக்காட்டுக்காரர், எல்லாருக்கும் அண்ணா. 25 வருஷம் ரெமிங்டன் டைப்ரைட்டரில் உட்கார்ந்தவர். வரி முடிந்தால் அடுத்த வரிக்குக் கம்ப்யூட்டரே போய்விடும் என்பது அவர் விரலுக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுவார். பிறகு நடுவில் இரண்டு வார்த்தை சேர்த்து, பாராவைச் சீராக்க கன்ட்ரோல்-பி (B) அடித்தால் ஒன்றும் சேராது. பாதி வரி, முழு வரி என்று துண்டு துண்டாக நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த என்டர்களை ஒவ்வொன்றாக அழித்துக் கொடுப்பேன்.

இரண்டு மாதத்தில் என்டர் பழக்கம் போய்விட்டது. ஆனால் ரிட்டையர் ஆகும் வரை, வரி முடியும் இடத்தில், டைப்ரைட்டரில் தாளைத் தாங்கும் கேரேஜைத் தள்ளுவதற்காக அவருடைய இடது கை ஒரு கணம் மேலே எழும்பி, அப்படியே திரும்பக் கீழே இறங்கும்.