‘நீயும் சம்மதித்தாய்’ என்று அவர் அனுப்பிய செய்தி

கேள்வி: எனக்கு 24 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது நாள்களுக்கு முன், உடன் வேலை செய்யும் ஒருவரின் பிறந்தநாளுக்காக அவருடைய வீட்டில் கூடினோம். எல்லோரும் வற்புறுத்தியதால் ஒரு கிளாஸ் வைன் குடித்தேன். பிறகு அவர் கொண்டுவந்து தந்த தோடம்பழச் சாற்றைக் குடித்தேன். கேக் வெட்டியது வரை நினைவிருக்கிறது. அதன் பிறகு, விடியப்புறம் வேறொரு அறையில் உடை கலைந்து கிடந்து எழுந்ததுதான் நினைவு. என்ன நடந்தது என்பதை உடம்பு சொன்னது. அன்று மாலை சின்னம்மாவிடம் மட்டும் சொன்னேன். ‘குடித்தாய் என்று தெரிந்தால் ஊர் உன்னைத்தான் கேட்கும், பேசாமல் இரு’ என்றார். மறுநாள், அந்தச் சாற்றைத் தந்த அவர் வட்ஸ்அப்பில், ‘நீயும் சம்மதித்துத்தான் நடந்தது, சிரித்துக்கொண்டு நீயாகவே நடந்து வந்தாய்’ என்று எழுதினார். மறுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. சட்டத்தில் எனக்கு இடம் இருக்கிறதா?
— வாசகி, யாழ்ப்பாணம் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

நமது தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவு, 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் மாற்றி எழுதப்பட்டது. எந்தெந்தச் சூழ்நிலைகளில் உடலுறவு வல்லுறவாகிறது என்று அது வகை பிரித்துச் சொல்கிறது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடப்பது முதல் வகை. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை. அந்த ஆணோ வேறொருவரோ கொடுத்த மதுவினால் அல்லது மருந்தினால் பெண் போதையில் இருந்த நேரத்தில் அவளிடமிருந்து பெற்ற சம்மதத்துடன் நடந்தாலும், அது வல்லுறவே. ‘சம்மதத்துடன்’ என்ற சொல்லைச் சட்டமே பயன்படுத்துகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த நிலையில் ஒரு பெண் ‘ஓம்’ என்று சொல்லியிருந்தாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது அவர் அனுப்பிய செய்தியை இன்னொரு முறை பாருங்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் அதை எழுதியிருக்கிறார். ஆனால் நடந்ததை அவரே தன் கையால் ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தகைய வழக்குகளில் எதிரித் தரப்பு பெரும்பாலும் முதலில் சொல்வது ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதுதான். அந்தக் கதவை அவரே சாத்திவிட்டார். இனி மிஞ்சியிருப்பது, அந்த நேரத்தில் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்ற கேள்விதான். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், கோபத்தில் பதில் எழுதாதீர்கள். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, கைத்தொலைபேசியே சான்று. அதை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

‘நானும் குடித்தேன்’ என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளை வாசிக்கும்போது எனக்கு வலித்தது. வைன் குடித்தது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. மூன்றாவது வகை ‘கொடுக்கப்பட்ட’ மதுவையும் மருந்தையும் பற்றித்தான் பேசுகிறது. நீங்களே எடுத்துக் குடித்த வைன் அதற்குள் வராது என்று எதிரியின் சட்டத்தரணி வாதிடலாம். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அந்தத் தோடம்பழச் சாறு அவர் கையால் வந்தது. மற்றது, முழுக்க முழுக்கத் தானாகவே குடித்த பெண்ணுக்கும் முதல் வகை இருக்கிறது. போதையினால் தான் எதற்கு உடன்படுகிறோம் என்று விளங்கிக்கொள்ள முடியாத ஒருவர் சொல்வதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று கோவையின் பொதுப் பகுதியே சொல்கிறது. ‘நானும் வெறியில் இருந்தேன்’ என்று அவர் சொன்னால் அது அவரைக் காப்பாற்றாது. தானாகக் குடித்து வந்த வெறி ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை.

‘சிரித்துக்கொண்டு நடந்து வந்தாய்.’ இது உண்மையாகவே இருக்கலாம். சில தூக்க மாத்திரைகள், முக்கியமாக மதுவோடு சேரும்போது, மூளை புதிய நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், கதைப்பார், சிரிப்பார். மறுநாள் ஒன்றும் இராது. உங்கள் நினைவு கேக்கோடு நின்றுபோனது பொய்யின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிளாஸ் வைனுக்கு அவ்வளவு நீண்ட இருள் வராது என்பதையும் முறைப்பாட்டில் சொல்லுங்கள். போராடிய காயம் இல்லையே என்று பயப்படவும் வேண்டாம். சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் தடயம் அவசியமில்லை என்று அதே 363 ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

காலம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஒன்பது நாளில் பெரும்பாலான மருந்துகள் சிறுநீரிலிருந்து போய்விடும். சில ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் சில மாத்திரைகளின் எச்சம் மட்டும் ஒரு வாரத்தைத் தாண்டியும் இருக்கக்கூடும். ஆகவே இன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரி உங்கள் சம்மதத்துடன்தான் பரிசோதிப்பார். கர்ப்பம், தொற்று நோய்ப் பரிசோதனைகளையும் கேளுங்கள். இதை வாசிக்கும் வேறு யாருக்காவது இப்படி நடந்து இன்னும் 72 மணித்தியாலங்கள் ஆகவில்லை என்றால், பத்திரிகையை வைத்துவிட்டு உடனே எழுந்து போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அவசரக் கருத்தடை மாத்திரையும் அந்தக் காலத்துக்குள் கொடுக்க வேண்டியவை. முதல் சிறுநீரைக்கூட முடிந்தால் வைத்தியசாலையில் கழியுங்கள்.

மருந்து பிடிபடாவிட்டால் வழக்கு இல்லையா? அப்படியில்லை. விருந்தில் எடுத்த படங்கள், உங்களைத் தாங்கிக் கூட்டிப்போனதைக் கண்டவர்கள், காலையில் உங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரர், தெருவோரக் கடையின் கமெரா, எல்லாமே பேசும். கமெராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். வழக்குத் தொடுக்கச் சட்டம் 20 ஆண்டுகள் தருகிறது. சான்றுகள் அவ்வளவு காலம் காத்திருக்காது.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தரிடம் வாக்குமூலம் கொடுக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். தெரியாததை ‘நினைவில்லை’ என்றே சொல்லுங்கள். இடைவெளியை நிரப்ப ஊகித்துச் சொன்ன ஒரு வரி, பிறகு குறுக்கு விசாரணையில் உங்களையே குத்தும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். ஆண்டுகள் எடுக்கும், அதை மறைக்க மாட்டேன். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 364 ஆம் பிரிவு 7 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறைத் தண்டனையும், உங்களுக்கு நட்டஈடும் விதிக்க இடமளிக்கிறது.

ஊரைப் பற்றி: உங்கள் பெயரையோ, நீங்கள் யார் என்று தெரியவைக்கும் எதையுமோ பிரசுரிப்பது 365இ பிரிவின்படி குற்றம். நீதிபதி மூடிய மன்றில் விசாரிக்கலாம். மிரட்டினால் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இன்னொன்றும் நடக்கும். பெரியவர்கள் கூடி, ‘கதைத்துப் பேசி முடிப்போம், கட்டிவைப்போம்’ என்பார்கள். எங்கள் ஊரில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வல்லுறவு, தரப்புகள் தமக்குள் சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமில்லை. கலியாணமும் அதை அழிக்காது.

பணவசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. அன்று உடுத்த சட்டையைக் கழுவாமல் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லது. அதை உதறாமல் காகிதப் பைக்கு மாற்றிப் பொலிஸில் கொடுங்கள், பொலித்தீனில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

போகும்போது சின்னம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் பயத்தில் அப்படிச் சொன்னார். ஆனால் எழுந்த அன்று மாலையே நீங்கள் நடந்ததைச் சொன்னது அவரிடம்தான், அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று கண்டவரும் அவர்தான். சம்பவத்தை ஒட்டி உடனே சொன்ன அந்த வார்த்தைகளைச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்கிறது. இந்த வழக்கின் இரண்டாவது சாட்சி தான்தான் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.