யெல்லோஸ்டோனில் மூன்று நாள்: பேரனையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். ஜூன் நடுவில் மூன்று நாள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். 6 வயது மகன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முட்டிவலி. மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று பீய்ச்சுவதைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? குழந்தைக்கு ஆபத்து இல்லையே?

பதில்: எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அப்படி ஒரு திட்டம் போடவும் வேண்டாம். பூங்காவின் பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். எட்டு போல வளைந்து வரும் பிரதான சாலை மட்டுமே 142 மைல். பெரும்பாலான இடங்களில் 45 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, நடுரோட்டில் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் நின்றுவிட்டால் அதுவும் கிடையாது. முழுச் சுற்றையும் ஒரே நாளில் ஓட்டுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கார் கண்ணாடியைத்தான். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் சமையலறை உள்ள விடுதியாக எடுங்கள். இரண்டு நாள் கெய்சர்களுக்கு (வெந்நீரைப் பீய்ச்சும் ஊற்றுகள்), ஒரு நாள் கேன்யன் என்ற பள்ளத்தாக்குப் பகுதியின் அருவிகளுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 32 முதல் 56 மீட்டர் உயரம்வரை பீய்ச்சும். அடுத்தது எப்போது என்று பார்வையாளர் மையத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். இதில் உங்கள் மகனுக்கே ஒரு வேலை கொடுக்கலாம்: கடிகாரத்தைக் கையில் கொடுத்து, எவ்வளவு நேரம் பீய்ச்சுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். அதைவிட நீண்டால் ஒன்றரை மணி நேரம் தாண்டும். அதிக நீர் வெளியேறினால் நிலத்தடிக் குழாய் மறுபடி நிரம்பிச் சூடேற அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆழத்தில் இருக்கும் நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியிருந்தாலும் மேலே உள்ள நீரின் எடை அதை ஆவியாக விடாது. மேலே கொஞ்சம் வழிந்து அழுத்தம் குறைந்த நொடியில், கீழே உள்ளது ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறிகிறது. அதற்கு முன் சிலமுறை சின்னதாகத் துப்பும், அதைப் பார்த்து இவ்வளவுதானா என்று எழுந்து போய்விடாதீர்கள்.

காலை எட்டு மணிக்குள் அங்கே போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். காட்சி முடிந்ததும் காஸில் கெய்சர் வரை தார் போட்ட சமதளப் பாதை இருக்கிறது, அம்மாவால் நடக்க முடியும். ரிவர்சைட் கெய்சரின் நேரமும் பலகையில் இருக்கும். ஆற்றின் மேல் வளைந்து சுமார் இருபது நிமிடம் பீய்ச்சும் அதைத்தான் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைவிட அழகு என்று நான் சொல்வேன்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பல நிற வெந்நீர் ஊற்றைக் காலையில் பார்க்காதீர்கள். குளிர்காற்றில் நீராவி மண்டி நிறமே தெரியாது. வெயில் ஏறிய பிறகு போகலாம், ஆனால் நடுப்பகலில் நெரிசல் தாங்காது, அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் நல்லது. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஓரங்களில் தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம். பக்கத்திலேயே ஃபவுண்டன் பெயின்ட் பாட் இருக்கிறது. கெய்சர், வெந்நீர் ஊற்று, ஆவித் துளை, கொப்பளிக்கும் சேறு நான்கையும் அரை மைல் சுற்றுக்குள் காட்டிவிடலாம். சேறு குமிழிட்டு வெடிப்பதை விட்டு உங்கள் பையன் நகர மாட்டான்.

இப்போது பாதுகாப்பு. இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் தரை உறுதியானது போலத்தான் தெரியும். பல இடங்களில் அது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். இந்தப் பூங்காவின் ஊற்றுகளில் விழுந்து அல்லது இறங்கி வெந்து 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஊற்றுகளுக்கு நடுவே நடக்கப் போட்டிருக்கும் மரப் பலகைப் பாதையின் பெரும்பகுதிக்குக் கைப்பிடியே கிடையாது. அதனால் ஒரு பெரியவர் பையனின் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும், போட்டோ எடுப்பது வேறொருவர் வேலை. காற்றில் தொப்பி பறந்தால் போகட்டும். இதை வண்டியிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குழந்தை யோசிக்காமல் ஓடுவது தொப்பி பறக்கும் நேரத்தில்தான். பிஸ்கட் பேசின் என்ற ஊற்றுப் பகுதியில் 2024 ஜூலை 23 அன்று நிலத்தடி நீராவி வெடித்துப் பலகைப் பாதையையே பெயர்த்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. எங்காவது தடுப்பு போட்டிருந்தால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

பைசன் சாதுவாக மேய்வது போலத்தான் இருக்கும். இங்கே மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு அதுதான். 25 கெஜம் தள்ளி நில்லுங்கள், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம்.

அம்மாவைப் பொறுத்தவரை முட்டியைவிட உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 7,300 அடிக்கு மேல். முதல் நாள் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஜூனிலும் விடியற்காலையில் உறைபனிக் குளிர் இருக்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். மூக்குக்கண்ணாடியில் கெய்சர் சாரல் பட்டால் உடனே துடைத்துவிடச் சொல்லுங்கள். அதில் கரைந்திருக்கும் சிலிக்கா காய்ந்தால் கறை போகவே போகாது.

சைவச் சாப்பாடு உள்ளே அதிகம் கிடைக்காது. தயிர்சாதம், சப்பாத்தி கட்டிக்கொண்டு போங்கள், மேசையில் வைத்துவிட்டு நகராதீர்கள், கரடிக்கு மோப்பம் பலமானது. செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம், பூங்காவின் செயலியை விடுதியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 2026 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இங்கே கூடுதல் நுழைவுக் கட்டணம் உண்டு. அம்மாவுக்கு அது பொருந்தலாம், எனவே தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் இன்றைய தொகையைப் பார்த்துவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.